மதிலில் கட்டிய மரங்கள்

ஆம்புலன்ஸ் பண்ணை வீட்டு வாசலில் வந்து நின்றபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்ததும் முதலில் இறங்கியவள் சின்ன மருமகள். இறங்கினாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. உண்மையில் இறக்கிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் பக்கவாதத்தில் விழுந்த மாமனார், அவர் காலடியில் இவளுடைய துணிப் பெட்டி, இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

அவள் நர்ஸ். நகரத்து ஆஸ்பத்திரியில் பல வருஷம் மாடாக உழைத்து, இப்போதுதான் ஆபரேஷன் வார்டுக்கே பொறுப்பாக அவளைப் போட்டிருந்தார்கள். வருகிற மாதத்தின் முதல் திங்கட்கிழமை போய்ப் பொறுப்பேற்க வேண்டும். போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். இந்த நேரம் பார்த்துத்தான் மாமனார் விழுந்தார். வலது பக்கம் வேலை செய்யவில்லை, பேச்சும் போய்விட்டது. உடனே குடும்பம் கூடிப் பேசியது. குடும்பம் என்றால் யார்? கணவனின் அண்ணன், இவளுக்கு மூத்தார், பேசினார்; கணவன் தலையாட்டினான். இவளிடம் முடிவைச் சொன்னார்கள்.

"வீட்டுல நர்ஸ வச்சுக்கிட்டு வெளியில ஆள் தேடினா நாலு பேரு சிரிப்பாங்கம்மா," என்றார் மூத்தார். "பண்ணை வீட்டுல நல்ல காத்து வரும். அப்பா பொறந்து வளர்ந்த எடம். கொஞ்ச நாள்தான். ஆள் கெடச்சதும் நீ கெளம்பு."

"திங்கக்கெழமைக்குள்ள ஆள் வந்துடணும் அத்தான். நான் போயே ஆகணும்."

"வந்துடும், வந்துடும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்த 'வந்துடும்' எப்படிப்பட்டது என்று அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கணவன் முகத்தைப் பார்த்து வந்தாள். அந்த முகத்தைப் பார்த்து அவள் எடுத்த முடிவு எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை.

வீடு பழைய கல் கட்டடம். கட்டி எத்தனை தலைமுறை ஆயிற்று என்று குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சுவர்கள் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தடிமன். வாசலைத் தாண்டினால் வெயில் அங்கேயே நின்றுவிடும். உள்ளே ஈரக் கல்லின் வாடையும் பூட்டி வைத்த அலமாரியின் வாடையும்தான். வீட்டுக்குப் பின்னால் மதில் தோட்டம். நாலு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்கல் மதில். உள்ளே போக வீட்டுப் பக்கமிருந்து ஒரே ஒரு மரக்கதவு. மாமனாரின் அறை ஜன்னல் அந்தத் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. காற்று வரட்டும் என்று கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போடச் சொன்னார் மூத்தார்.

கட்டிலில் கிடத்தும்போது கிழவர் முனகினார். நல்லபடியாக இருந்த இடது கையால் மூத்த மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மகன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "எடம் மாறினா அப்படித்தான் இருக்கும்ப்பா, பழகிடும்," என்று சொல்லிவிட்டுத் தன் புதுக் காரில் ஏறினார். கணவன் அவர் பின்னாலேயே ஏறினான்.

மறுநாள் துணி காயப்போட இடம் தேடித் தோட்டக் கதவைத் திறந்தாள் அவள். தாழ்ப்பாள் வீட்டுப் பக்கத்தில் இருந்தது. தோட்டத்துப் பக்கம் ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆடு மாடு வராமல் இருக்க என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆடு மாடு வெளியிலிருந்து அல்லவா வரும் என்று நினைத்தபடி உள்ளே போனாள்.

உள்ளே முழுக்கப் பேரி மரங்கள். மதிலை ஒட்டி நட்டு, கிளைகளை இரண்டு பக்கமும் நேராக இழுத்து, மதிலில் ஆணி அடித்துத் துணி நாடாவால் கட்டி வளர்த்திருந்தார்கள். மதிலின் சூட்டுக்குப் பழம் சீக்கிரம் பழுக்கும் என்று கணவன் எப்போதோ சொல்லியிருக்கிறான். அப்படிக் கட்டினால் வருஷா வருஷம் அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும், கிளை பருக்கும் இல்லையா. இங்கே யாரும் தளர்த்தவில்லை. நாடாக்கள் மரத்தின் சதைக்குள் புதைந்து, கட்டிய இடமெல்லாம் வீங்கிக் கிடந்தது. பூவும் இல்லை, காயும் இல்லை. ஆனாலும் மரங்கள் உயிரோடுதான் இருந்தன, பிடிவாதமாக.

தோட்டத்து மூலையில் மண்வெட்டி போட்டு வைக்கும் சின்ன அறை. அங்கே ஒரு தகர டப்பாவில் இன்னும் கட்டாத நாடாக்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. நீலத் துணி, வெளிறியது, தொட்டால் அவ்வளவு மிருது. நல்ல துணி வீணாகக் கிடக்கிறதே என்று எடுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே அதற்கு வேலை வந்தது. மாமனார் மூக்குக் குழாயைப் பிடுங்கிவிட்டார். மறுபடி போட்டாள். மறுபடி பிடுங்கினார். குழாய் இல்லாவிட்டால் கஞ்சித் தண்ணீர் இறங்காது, மருந்து இறங்காது. இந்த மாதிரி நேரத்தில் வார்டில் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கையை மெத்தென்ற துணியால் கட்டில் கம்பியோடு கட்டுவார்கள். அதற்கென்று ஒரு முடிச்சு உண்டு, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். அடிக்கடி அவிழ்த்துத் தடவிவிட்டுக் கட்ட வேண்டும். கொண்டுவந்த பேண்டேஜ் தீர்ந்துபோயிருந்தது, கடையோ வெகு தூரம். நீல நாடாவைக் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, அதைக் கொண்டு கட்டினாள்.

ஒன்றை அவள் கவனிக்கவில்லை. நல்ல நர்ஸ்தான், ஆனால் எரிச்சலில் இருந்தாள். கிழவரின் கை குழாய்க்குப் போகவே இல்லை. ஜன்னல் திரைக்குப் போயிற்று. திரையை இழுத்து மூடப் பார்த்த கையில் குழாய் மாட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். அந்தக் கையைக் கட்டி, முகத்தைத் தோட்டத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

உச்சி வெயில் நேரம். வெளியே ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

டொக். டொக். டொக்.

யாரோ ஆணி அடித்தார்கள். பலமாக இல்லை, பொறுமையாக, ஒரே இடத்தில். தோட்டத்துப் பக்கமிருந்து வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். கதவு தாழிட்டபடியே இருந்தது. திறந்து பார்த்தாள். வெயில், மதில், மரங்கள். அறுத்த பச்சைக் கிளையின் வாடை மட்டும் காற்றில் நின்றது. அங்கே யாரும் எதையும் அறுத்திருக்கவில்லை.

மாமனாரின் அறைக்குத் திரும்பியவள் வாசலிலேயே நின்றாள். அவர் வாய் திறந்து கிடந்தது, கண் ஜன்னலில் குத்திட்டிருந்தது. கை வீங்கி நீலம் பாரித்திருந்தது.

முடிச்சு அவள் போட்டது இல்லை.

ஒன்றன் மேல் ஒன்றாக இறுக்கி இறுக்கிப் போட்ட முடிச்சு. நகம்கூட நுழையவில்லை. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக் கையைத் தேய்த்துவிட்டாள். ரத்தம் ஓடத் தொடங்கியதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. வீட்டில் வேறு ஆள் கிடையாது. தூக்கக் கலக்கத்தில் தானே இப்படிக் கட்டிவிட்டோமோ என்று கூட நினைத்துப் பார்த்தாள். அப்படிக் கட்டுகிறவள் என்றால் அவளை எவன் வார்டுக்குப் பொறுப்பாகப் போடுவான்?

அடுத்த நாள் சாப்பிட்டுவிட்டு, மாமனாரின் கட்டில் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்தவள் கண் அயர்ந்துவிட்டாள். யாரோ பக்கத்தில் வந்து குனிவது தெரிந்தது. கனவு என்று நினைத்தாள். சூடு. உடம்பெல்லாம் தகிக்கிற காய்ச்சல்காரியின் பக்கத்தில் நின்றால் அடிக்கும் அந்தச் சூடு. அவளுக்கு அது பழக்கமானது, தெர்மாமீட்டர் இல்லாமலே சொல்லிவிடுவாள், இது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று. கண்ணைத் திறந்தாள்.

யாரும் இல்லை.

எழுந்திருக்கப் பார்த்தாள். எழ முடியவில்லை.

இரண்டு மணிக்கட்டும் நாற்காலிக் கையோடு நீல நாடாவால் கட்டியிருந்தது.

கட்டிலில் கிழவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பல்லால் கடித்து ஒரு கையை விடுவித்துக்கொண்டபோது தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

பால்காரி வந்தபோது அவள் பின்வாசலில் உட்கார்ந்து கையில் மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். பால்காரி ஐம்பதைத் தாண்டியவள், வாய் ஓயாமல் பேசுகிறவள், ஆனால் வாசல்படியைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த நாடாவைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றது.

"இத எங்கேருந்து எடுத்தீங்க நர்ஸம்மா?"

"தோட்டத்து ரூம்லருந்து. ஏன்?"

"போயி வச்சுருங்க. மொதல்ல போயி வச்சுருங்க."

"விஷயத்தச் சொல்லுங்க. கை போற நெலமைக்கு வந்துட்டேன் நான்."

பால்காரி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க மாமனாருக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு. நாங்க சின்னம்மான்னு கூப்புடுவோம். நான் அப்ப சின்னப் பொண்ணு, எங்கம்மா கூட பாலு கொண்டாருவேன். சின்னம்மாவுக்கு வெளியூர்ல டீச்சர் வேலை கெடச்சுது. போகக் கூடாதுன்னுட்டாரு அண்ணன். வீட்ட யாரு பாக்குறது, வயலுக்கு யாரு சோறு கொண்டாறதுன்னு. அது கேக்கல. நான் போவேன்னு நின்னுச்சு. சரி, கோவம் தணியட்டும்னு சொல்லி தோட்டத்துல விட்டுத் தாழ்ப்பாளப் போட்டாரு."

"தணிஞ்சுதா?"

"எங்க தணியும்? மதில் ஏறிக் குதிக்கப் பாத்துச்சு. வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போக ஒரு நீல உடுப்பு ஆசையா தச்சு வச்சிருந்துச்சு. அத அது கண்ணு முன்னாடியே நாடா நாடாவாக் கிழிச்சாரு. அதாலயே கையக் கட்டினாரு. மிச்சத்துல மரத்தக் கட்டினாரு. கேட்டவங்ககிட்ட தலைக்குச் சரியில்லன்னு சொல்லிட்டாரு. எல்லாரும் நம்பினோம். நம்புறது சுலபமா இருந்துச்சு." பால்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்புறம் காய்ச்சல் கண்டுச்சு. கத்துற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சுன்னு எங்கம்மா சொல்லும். யாரும் போயி கதவத் திறக்கல."

சின்ன மருமகளுக்குக் கணவன் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்கு ஒரு அத்தை இருந்தாங்களாம், காய்ச்சல்ல போயிட்டாங்களாம். ஒரு வரி. குடும்பம் அந்தப் பெண்ணுக்கு ஒதுக்கியது அந்த ஒரு வரிதான்.

எஞ்சியிருந்த நாடாவையெல்லாம் தகர டப்பாவில் போட்டுத் தோட்டத்து அறையில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு மாமனாரின் கட்டிலருகே போய் நின்றாள். பயம் இருந்தது. பயத்துக்கு மேல் கோபம் இருந்தது.

"உங்க தங்கச்சியக் கட்டிப் போட்டீங்களாமே மாமா."

கிழவரின் ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. மற்றது அசையாமல் இருந்தது.

"அழுங்க. நல்லா அழுங்க. நான் மூத்திரத் துணி மாத்துவேன், மருந்து குடுப்பேன், அது என் வேலை. பாவம்னு மட்டும் என் வாயால வராது."

அப்படியே அவரை விட்டுவிட்டு ஓடியிருக்கலாமே என்று கேட்கலாம். எப்படி ஓடுவது? படுத்த படுக்கையாகக் கிடக்கிற நோயாளியைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறவள் நர்ஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் வருகிறார்கள், புது ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. அவர்கள் வண்டியிலேயே கிளம்பிவிடுவது என்று பெட்டியைக் கட்டி வைத்தாள். அதுவரை கிழவரின் கையைக் கட்டவில்லை. அவரும் குழாயைத் தொடவில்லை. கையைப் போர்வைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டார். உச்சி வேளை ஆனால் மட்டும் தோட்டத்தில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு நாளும் அது ஜன்னலுக்குக் கிட்டே வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் வந்தது. அண்ணன் இறங்கினார், தம்பி இறங்கினான். வேறு யாரும் இறங்கவில்லை.

மூத்தார் நேராக அப்பாவிடம் போனார். போர்வையை விலக்கினார். மணிக்கட்டில் கறுத்துப் போயிருந்த தழும்பைப் பார்த்தார்.

"இதென்னம்மா, பெத்த தகப்பன மாட்டக் கட்டுற மாதிரி கட்டியிருக்க?"

"ஆள் எங்க அத்தான்?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. நோயாளிய இப்படித்தான் பாப்பீங்களா உங்க ஆஸ்பத்திரியில?"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கிழவரின் தங்கை கையில் இருந்த தழும்பைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அவள் மூத்தாரை விட்டுவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. ஆள் எங்க?"

கணவன் தரையைப் பார்த்தான். "அது வந்தும்மா... அண்ணனும் நானும் பேசினோம். வெளி ஆள நம்பி அப்பாவ எப்படி விடுறது? அதான் நேத்தே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி நீ வரலன்னு சொல்லிட்டோம். அவங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க."

பல வருஷத்து நைட் டியூட்டி, நின்று நின்று நரம்பு சுருண்ட கால், அத்தனையையும் ஒரு போன் காலில் முடித்துவிட்டார்கள். அவளைக் கேட்கக்கூட இல்லை.

"யார் சொன்னா போன் பண்ணச் சொல்லி?" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "என் வேலைய வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு? ரெண்டு பேரும் யாரு?"

"குரல ஒசத்தாத," என்றார் மூத்தார். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு."

"புத்தி இருக்குறவரு பெத்த அப்பனுக்கு ஒரு நாளாவது மூத்திரத் துணி மாத்தினீங்களா? வாங்க, மாத்துங்க. நான் நின்னு சொல்லிக் குடுக்குறேன்."

அறையில் நின்றால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்துவிடுவோம் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. விறுவிறுவென்று வெளியே வந்தாள். காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும். எதிரே திறந்து கிடந்தது தோட்டக் கதவு. கோபத்தில் அது எந்த இடம் என்றுகூட நினைக்காமல் உள்ளே போய், நடுவில் நின்று, மூச்சை இழுத்து விட்டாள்.

பின்னால் கதவு சாத்திய சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"கோவம் தணியட்டும்," என்று மூத்தாரின் குரல் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. "அப்புறம் திறந்து விடு தம்பி."

சுரை விதைத்தால் அவரையா முளைக்கும்? யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அது ரத்தத்தில் இருந்தது.

அவள் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "திறங்க. அங்கதான நிக்கிறீங்க? திறங்க."

கணவனின் மூச்சு கேட்கிற அளவுக்குக் கிட்டத்தில்தான் அவன் நின்றிருந்தான். "அண்ணன் வரட்டும்மா. கொஞ்சம் பொறுத்துக்க. நான் திறந்தா அவரு கோவிச்சுக்குவாரு."

"நீங்களும் ஒரு மனுஷனா?"

செருப்பு தரையில் உரசி ஒரு அடி பின்னால் போயிற்று.

தலைக்கு நேர் மேலே வெயில். மரங்களுக்கு நிழலே இல்லை. சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் அடங்கிவிட்டது.

டொக்.

மதிலின் அந்தக் கோடியில்.

டொக். டொக்.

மரத்தின் சதையில் புதைந்திருந்த ஒரு நாடா தானாக வெளியே வந்தது. முள் எடுப்பதுபோல மெல்ல வந்தது. இறுகிய முடிச்சு அவிழ்ந்தது. கிளை விடுபட்டுத் தொங்கி ஆடியது. பிறகு அடுத்த நாடா. பிறகு அதற்கு அடுத்தது. மதில் நெடுக வரிசையாக அவிழ்ந்துகொண்டே வந்தது, அவளை நோக்கி.

பச்சை மரத்தின் வாடை. காய்ச்சல் சூடு.

அவள் முதுகைக் கதவில் ஒட்டி நின்றாள். முகத்துக்கு நேரே ஒரு மூச்சு பட்டது, அனலாக. அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, பிடி தெரிந்தது. எலும்பும் தோலுமான விரல்கள். உரிந்து காய்ந்திருந்த புண்ணை அந்த விரல்கள் தடவிப் பார்த்தன, சுற்றிலும், நிதானமாக.

"நான் கட்டினது தப்புதான்," என்றாள் அவள், குரலே எழாமல். "தெரியாம பண்ணிட்டேன். என்னையும் இங்கேயே வச்சுடப் பாக்குறாங்க."

பிடி இறுகியது. இறுகி, நடுங்கியது. அழுகையில் நடுங்குகிற கை வேறு, கோபத்தில் நடுங்குகிற கை வேறு. இரண்டையும் பிடித்துப் பார்த்தவள் அவள்.

பிறகு கை விட்டது.

வெயில் மறுபடி வெயிலாக இருந்தது. அவிழ்ந்த நாடா ஒன்றுகூடத் தரையில் கிடக்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து மூத்தாரின் அலறல் கேட்டது.

அவள் சாய்ந்து நின்ற கதவு திறந்துகொண்டது. கணவன் எதிரே பேயறைந்தவன் மாதிரி நின்றான். அவன் கை இரண்டும் மார்போடு ஒட்டியிருந்தன. திறந்தது அவன் இல்லை.

மாமனாரின் அறையில் கட்டில் ஓரமாகத் தள்ளிக் கிடந்தது; மூத்தார் ஜன்னலோடு சேர்த்து நிறுத்தப்பட்டிருந்தார். கைகள் இரண்டும் பக்கவாட்டில் நேராக இழுத்து நீட்டியிருந்தன. தோளில் ஒரு கட்டு, முழங்கையில் ஒரு கட்டு, மணிக்கட்டில் ஒரு கட்டு, விரல் விரலாகக் கட்டு. எல்லாம் நீல நாடா. ஒவ்வொரு நாடாவின் நுனியும் ஜன்னல் மரத்தில் ஆணி அடித்து இறக்கப்பட்டிருந்தது. விரல் நுனிகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. கிழவர் கட்டிலில் அசையாமல் கிடந்து மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுத்து விடும்மா," என்றார் மூத்தார். அவர் இவளிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை, இதுதான் முதல் தடவை. "உனக்குப் புண்ணியமா போகும். அவுத்து விடு."

கத்தரிக்கோலை எடுத்து ஒரு விரலின் கட்டை வெட்டினாள். நாடா அறுந்து விழுந்தது. அதற்கு அடியில் இன்னொரு நாடா இருந்தது, முன்னதைவிட இறுக்கமாக. அவள் காதுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், டொக் என்று ஒரு அடி விழுந்தது. அவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டாள்.

"இது என் முடிச்சு இல்ல அத்தான். கட்டினவங்ககிட்டதான் கேக்கணும்."

அவர் சட்டைப் பையில் கையை விட்டுக் கார் சாவியை எடுத்தாள். போனில் ஆம்புலன்ஸை அழைத்து, நோயாளிகள் இரண்டு பேர் என்று சொல்லி, வழியும் சொன்னாள். அதுவரை நர்ஸ். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கணவன் வாசல் வரைக்கும் ஓடி வந்தான். "என்ன இங்க தனியா விட்டுட்டுப் போகாத. என்னையும் கூட்டிட்டுப் போ."

"கதவத் திறக்கச் சொன்னப்ப அண்ணன் வரட்டும்னீங்க. இப்பவும் அண்ணன் வரட்டும். சேந்து வாங்க."

புது வண்டி, தொட்டதும் கிளம்பியது. இன்று ஞாயிறு. நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு நேரில் போய் நிற்பாள். போன் பண்ணியது யாராக இருந்தால் என்ன, வர மாட்டேன் என்று அவள் தன் வாயால் சொல்லவில்லையே. நாற்காலியை எவளாவது தொட்டுப் பார்க்கட்டும். இப்படி உரக்கப் பேசிக்கொண்டே ஓட்டினாள்.

மண் பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறியதும் வண்டிக்குள் ஒரு சத்தம் ஆரம்பித்தது.

பீப். பீப். பீப்.

கதவு சரியாகச் சாத்தவில்லையோ என்று பார்த்தாள். சாத்தியிருந்தது. அவள் பெல்ட் போட்டிருந்தாள். முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. பக்கத்து சீட்டில் இருக்கிறவர் பெல்ட் போடவில்லை என்று வண்டி சொல்லிக்கொண்டிருந்தது.

பெட்டியை அவள் பின்னால் வைத்திருந்தாள். பக்கத்து சீட்டில் எதுவும் இல்லை.

சீட்டு மட்டும் ஒரு ஆள் கனத்துக்கு அமுங்கியிருந்தது.

ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினாள். வேர்த்தது. கையை நீட்டி, அந்த பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும். கை பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது. திரும்பி வந்துவிட்டது.

"வேண்டாம் சின்னம்மா," என்றாள். "நீங்க கட்டிக்க வேண்டாம். அது கத்தினா கத்திட்டுப் போகுது."

நகரம் வந்து சேரும் வரைக்கும் அது கத்திக்கொண்டே வந்தது.